படி ஏறாத குரல்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு புதன்கிழமை காலையில், கோவில்பட்டியில் இருந்த இசக்கி ஸ்டூடியோவுக்கு ஒரு பெண் வந்தாள். செருப்பை வாசலில் கழற்றியும் காலில் கரிசல் மண் ஒட்டியிருந்தது. அதைக்கூடத் துடைக்காமல், போட்டோ எடுக்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"தீயணைப்பு ஆபீசரு இங்கனதான் இருப்பாருன்னு சொன்னாவ," என்றாள்.

இசக்கிபாண்டி கழுவிக்கொண்டிருந்த பிலிமை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தான். அது 2002ஆம் வருஷம். பிலிம் சுருளுக்கு இன்னும் மவுசு இருந்தது. கல்யாணமும் பாஸ்போர்ட் படமும் போக, ஊரில் எங்கே தீ, எங்கே விபத்து என்றாலும் போலீசார் இசக்கியைத்தான் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போய் நிற்பான். துப்பறிவது என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அவள் தேடி வந்தவர் வழக்கம்போல ஜன்னலோரம் செய்தித்தாளோடு இருந்தார். கிருஷ்ணராஜ் தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தீப்பெட்டி ஆலைகளும் பட்டாசுச் சரக்கு அடைக்கும் கிட்டங்கிகளும் சூழ்ந்த ஊரில் முப்பது வருஷம் தீயோடு பழகியவர். கரிந்த சுவரைப் பார்த்துத் தீ எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லிவிடுவார். சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"சொல்லும்மா," என்றார் தாளை மடித்து.

வந்தவள் பெயர் முத்துச்செல்வி. அவளுடைய தம்பி விஜயராஜைப் போலீஸ் பிடித்து வைத்திருந்தது.

"மைக்செட் விஜயராஜா?" என்று இசக்கி கேட்டான்.

அவனுக்கு மட்டுமா, ஊருக்கே தெரிந்த ஆள். சர்க்கஸ் வந்தாலும், ஜவுளிக்கடை திறந்தாலும், குழந்தை காணாமல் போனாலும், கூம்புக் குழாய் கட்டிய காரில் விஜயராஜின் குரல்தான் தெருத்தெருவாய்ப் போகும். போன வருஷம் தொண்டையில் கட்டி வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போனது. இப்போது மிளகாய் வற்றல் கமிஷன் கடையில் எடை போடுகிறான்.

"நேத்து மத்தியானம் வீட்டுக்குள்ள டப்புன்னு என்னமோ வெடிச்சிருக்கு," என்றாள் முத்துச்செல்வி. "தம்பி பொண்டாட்டி சுதாராணிக்கு மொகத்துல காயம். கண்ணு ரெண்டையும் கட்டிப் போட்டு ஆஸ்பத்திரியில கெடக்கா. எங்க தம்பி, காட்டுல பன்னிக்கு வைக்கிற அவுட்டுக்காயச் செஞ்சான், அது வெடிச்சிட்டுன்னு போலீசு சொல்லுது. கோழி அறுத்தாலே எந்திரிச்சுப் போயிருவான் சார் அவன். அவனா வெடி செய்வான்?"

"தம்பி என்ன சொல்லுதாரு?"

முத்துச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "செஞ்சேன்னு தலைய ஆட்டுதான் சார்."

கிருஷ்ணராஜ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். இசக்கி அதற்குள் கேமராவைத் தோளில் போட்டிருந்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் கருத்தப்பாண்டி கிருஷ்ணராஜின் மேல் மரியாதை வைத்திருப்பவர். இவர்கள் வருவதாகச் சேதி கேட்டு, வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையிலேயே காத்திருந்தார்.

"சார், இது நீங்க நெனைக்கிற மாதிரி சின்ன விஷயம் இல்ல," என்றார் குரலைத் தாழ்த்தி. "பன்னிக்கு வெடி செஞ்சதா அவன் ஒத்துக்கிட்டான். ஆனா எனக்கென்னமோ, வெடி பன்னிக்கு இல்ல, பொண்டாட்டிக்குன்னு தோணுது. பக்கத்து வீட்டு அம்மா ஒரு சங்கதி சொல்லுது. இவன் இல்லாத நேரத்துல வீட்டுக்கு ஒருத்தன் வந்து போயிட்டு இருந்திருக்கான்."

இசக்கியின் கண்கள் விரிந்தன. கிருஷ்ணராஜ் வெறுமனே, "வீட்டப் பாப்போம்," என்றார்.

தெருவோடு ஒட்டிய ஓட்டு வீடு. இரண்டு கல்படி ஏறினால் ஒரே அறை, அதன் பின்னால் அடுப்படி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பருத்திக் கிட்டங்கி. ஆகவே வீட்டுக்கு ஒரே வாசல்தான். அறையில் ஜன்னலை ஒட்டி ஒரு சின்ன மேசை, மேலே சுவிட்சுப் பெட்டி. மேசையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. சுவரில் கீறல் இல்லை. அலமாரிக் கண்ணாடிகூட உடையவில்லை. மேசைமேல் ஒரு குறடு, ஒரு தீப்பெட்டி. சுவிட்சுப் பெட்டியில் எதுவும் செருகியிருக்கவில்லை. மேசை மின்விசிறியின் வயர் மட்டும் கழற்றித் தரையில் போடப்பட்டிருந்தது.

கிருஷ்ணராஜ் தீப்பெட்டியைக் கைக்குட்டையால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இசக்கி, இதப் பாரும்."

"பெட்டியோட பக்கவாட்டு மருந்து தேய்ஞ்சிருக்கு சார். குச்சி உரசினது."

"குச்சி உரசினா நேர்கோடா விழும். இது வட்டவட்டமாத் தேய்ஞ்சிருக்கு. பெட்டியில குச்சியும் குறையல, நெறைய இருக்கு."

இசக்கி அதையும் படம் எடுத்துக்கொண்டான். மேசையை எடுத்து, சுவரை எடுத்து, பிறகு கூரையை எடுக்கக் கேமராவை உயர்த்தியவன் அப்படியே நின்றான். உத்திரத்தில் ஏதோ மினுங்கியது.

ஸ்டூலில் ஏறி அதைப் பிடுங்கினான். மெல்லிய வெள்ளித் தகடு. எட்டணாக் காசு அகலம் இருக்கும். ஒரு பக்கம் கிழிந்து, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. கரிப்பிடித்த பரப்பில் சிலுவை போல ஒரு குறி. அதன் பக்கத்தில், உறைந்த பாதரசம் மாதிரி ஒரு பளபளப்பான சொட்டு.

"ஏதோ கூட்டத்தோட அடையாளம் மாதிரி இருக்கு சார்," என்றான் இசக்கி மூச்சு வாங்க.

"இருக்கும்," என்று சொல்லி கிருஷ்ணராஜ் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த "இருக்கும்" எதற்கும் உதவாத "இருக்கும்" என்று இசக்கிக்குப் பழகிப்போயிருந்தது.

மேசைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. விஜயராஜின் பழைய மைக்செட் சாமான்கள் அதில் கிடந்தன. வயர்கள், ஸ்பீக்கர் காந்தம், ஈயம் உருக்கி வயரை ஒட்டவைக்கும் சால்டரிங் அயர்ன். அயர்ன் ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்தது. கிருஷ்ணராஜ் துண்டைப் பிரித்தார். நடுவில் பென்சில் நீளத்துக்குப் பழுப்பாய்த் தீய்ந்திருந்தது.

எஸ்.ஐ. எட்டிப் பார்த்தார். "மைக்செட்காரன் வீட்டுல அது இருக்கத்தான செய்யும்?"

"இருக்கும். ஆனா சூட்டோட யாரும் துணியில சுத்த மாட்டாங்க."

இசக்கிக்கும் ஒன்று சொல்லத் தோன்றியது. "சார், டேப்ரிக்கார்டர் துணி போட்டு மூடிக் கெடக்கு. ஆனா ஒரு கேசட்கூட இல்ல. அவன் கொரல் பதிஞ்ச கேசட் ஊருபூரா கெடக்கும். அவன் வீட்டுல மட்டும் இல்ல."

கிருஷ்ணராஜ் திரும்பி அவனை நன்றாகப் பார்த்தார். "நல்லாப் பாத்தீரு," என்றார். இசக்கிக்கு அன்று முழுவதும் அது போதும்.

பக்கத்து வீட்டு பாலம்மாள் கூப்பிடுவதற்கு முன்பே வாசலுக்கு வந்துவிட்டாள். போன பங்குனியில்தான் அங்கே குடிவந்தவள்.

"நா யாரையும் கொற சொல்லல சார். கேட்டதச் சொல்லுதேன். வீட்டுக்காரரு கடைக்குப் போன பொறவு இந்த வீட்டுல ஒரு ஆம்பளக் கொரல் கேக்கும். 'நான்தான், வந்துட்டேன், கதவத் தொற'ம்பான்."

"பொறவு?"

"பொறவு ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான். என்னைக்குக் கேட்டாலும் அதே பேச்சுத்தான்."

"ஆளப் பாத்தீங்களா?"

பாலம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "பாக்கத்தான் நெனச்சேன். நேத்துக் காலையிலயும் கேட்டுச்சு. மழைச் சேறு சார். ஒடனே எட்டிப் பாத்தேன். படியில செருப்பு இல்ல. ஒரு காலடிச் சேறு இல்ல. கதவு சாத்தினபடி கெடக்கு. எப்படி வந்தான், எப்படிப் போனான்னு எனக்கு வெளங்கல."

"கொரலு எப்படி இருக்கும்?"

"முன்னாலயெல்லாம் வெரசா, கலகலன்னு இருக்கும். இப்பக் கொஞ்ச நாளாக் குடிச்சவன் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுதான்."

எஸ்.ஐ. "பாத்தீங்களா" என்பதுபோல் தலையை அசைத்தார். கிருஷ்ணராஜ் கேட்டது வேறு. "நேத்து வெடிக்கிறதுக்கு முன்னால வாசம் ஏதாச்சும் வந்துச்சா?"

"சாம்பிராணி வாசம் வந்துச்சு. உச்சிப்பொழுதுல யாரு சாம்பிராணி போடுதான்னு நெனச்சேன். பொறவு டப்புன்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் தொண்டையப் பிடிக்கிற மாதிரி வார்னிஷ் நாத்தம்."

"தீப்பெட்டி மருந்து வாசம் இல்லையே?"

"அது எனக்குத் தெரியாதா சார்? கல்யாணத்துக்கு முன்னால இருந்து ஆலையில குச்சி அடுக்குதேன். அந்த வாசம் இல்ல."

காவல் நிலையத்தில் விஜயராஜ் ஒரு பெஞ்சியின் ஓரத்தில் குறுகி உட்கார்ந்திருந்தான். கழுத்துத் துவாரத்தின் மேல் கட்டிய வெள்ளைத் துணி மூச்சுக்கு ஏற்ப மெல்ல அசைந்தது. இசக்கியைப் பார்த்ததும் அவன் உதடுகள் அசைந்தன. "அண்ணாச்சி" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இசக்கி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"வெடி எம்புட்டுப் பெரிசு?" என்று கிருஷ்ணராஜ் கேட்டார்.

விஜயராஜ் விரல்களைக் குவித்து எலுமிச்சம்பழ அளவு காட்டினான்.

"கையில வச்சு உருட்டும்போது வெடிச்சிட்டோ?"

ஆமாம் என்று தலையசைத்தான்.

கிருஷ்ணராஜ் அவனுடைய இரண்டு கைகளையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார். மிளகாய் மூட்டையின் சிவப்பு நகக்கண்ணில் இருந்தது. வேறொன்றும் இல்லை.

எஸ்.ஐ. பொறுமை இழந்தார். "உன் வீட்டுக்கு ஒருத்தன் வந்துபோறான்னு தெருவே பேசுது. அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

விஜயராஜ் நிமிர்ந்து பார்த்தான். கோபம் வரும் என்று இசக்கி எதிர்பார்த்தான். வரவில்லை. இல்லை என்று ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு நெஞ்சின் மேல் கையை வைத்தான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கண்கள் நிறைந்திருந்தன.

வெளியே வந்ததும் இசக்கி தன் கணக்கைக் கொட்டினான். "சார், நா சொல்லுதேன். அந்தக் குடிகாரன்தான் வெடியக் கொண்டாந்து வச்சிருக்கான். விஜயராஜ் மானத்துக்குப் பயந்து பழிய ஏத்துக்கிட்டான்."

"படியில கால் வைக்காம வந்த குடிகாரனா?"

"ஓட்டப் பிரிச்சு எறங்கியிருப்பான்."

"எறங்கிட்டு, வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, கதவத் தொறன்னு கேட்டானா?"

கிருஷ்ணராஜ் சிரிக்கவில்லை. டீக்கடை நிழலில் கொஞ்ச நேரம் நின்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். "அந்தப் பிள்ளையப் பாக்கணும்," என்றார். "தனியா. நீரு வாரும். ஆனா பேசாதேயும்."

பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் சுதாராணி படுத்திருந்தாள். இரண்டு கண்களிலும் கட்டு. வலது இமையில்தான் புண், பார்வைக்கு ஆபத்தில்லை, அசையாமல் ஆறட்டும் என்று இரண்டையும் கட்டியிருக்கிறோம் என்று நர்ஸ் சொன்னாள். இடது கையின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மருந்து தடவியிருந்தது. வலது கை தலையணைக்கு அடியில் இருந்தது. அவர்கள் பேசத் தொடங்கிய பிறகும் அது வெளியே வரவில்லை.

"அவிய சாப்பிட்டாவளா?" என்பதுதான் அவள் முதலில் கேட்டது. கணவன் கடையில் லீவு கிடைக்காமல் நிற்கிறான் என்று வீட்டார் சொல்லி வைத்திருந்தார்கள்.

"அம்மா, நா தீயணைப்பு ஆபீஸ்ல இருந்தவன். ஒண்ணே ஒண்ணு கேக்குதேன்," என்றார் கிருஷ்ணராஜ். "அந்தக் கொரலு இப்ப தலகாணிக்கு அடியிலதான இருக்கு?"

சுதாராணியின் உடம்பு விறைத்தது. பிறகு வலது கை மெல்ல வெளியே வந்தது. அதில் சாவிக்கொத்தில் மாட்டுகிற ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கிளி.

"அவியளுக்குத் தெரியக் கூடாது," என்றாள். "கொரலு போன பொறவு கேசட்டு அம்புட்டையும் அவியளே அடுப்புல போட்டாவ. கேக்கப் பொறுக்கல அவியளுக்கு. நா தடுக்கல. ஆனா இது என் பெட்டியில கெடந்துட்டு. பொருட்காட்சியில வாங்கி, வெளையாட்டா அதுல பேசிப் பதிஞ்சு எங்கிட்டக் கொடுத்தது. அவிய கடைக்குப் போன பொறவு ஒருவாட்டி அமுக்கிக் கேப்பேன். தெரிஞ்சா, இப்ப இருக்கிற என்னைய இவளுக்குப் போதலியோன்னு நெனச்சிருவாவ."

இசக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கிருஷ்ணராஜ் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உனக்கு ஒண்ணு சொல்லாம வச்சிருக்காங்கம்மா. நேத்துலேந்து அவரு போலீஸ் ஸ்டேஷன்ல இருக்காரு. வெடி செஞ்சது நான்தான்னு ஒத்துக்கிட்டாரு."

சுதாராணி எழுந்து உட்கார்ந்தாள். கட்டைப் பிய்க்கப் போன கையை அவர் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு? எதுக்கு அப்படிச் சொன்னாவ?"

"அது எனக்குத் தெரியும். நீ சரின்னா எல்லாத்தையும் அவரு முன்னால சொல்லுதேன். வேண்டாம்னா வேற வழி பாக்கலாம்."

"சொல்லிருங்க," என்றாள் அவள். "ஒண்ணு விடாமச் சொல்லிருங்க."

அன்று பிற்பகல் ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் அவர்கள் கூடினார்கள். எஸ்.ஐ. விஜயராஜை அழைத்து வந்திருந்தார். முத்துச்செல்வி தம்பியின் தோளைப் பிடித்தபடி நின்றாள். பாலம்மாள் ரசஞ்சாதத் தூக்குவாளியோடு வந்தவள், போக மனமில்லாமல் ஒதுங்கி நின்றாள்.

"மொதல்ல வெடி," என்று கிருஷ்ணராஜ் ஆரம்பித்தார். "எலுமிச்சம்பழம் பெரிசு அவுட்டுக்காய் அந்த அறையில வெடிச்சிருந்தா ஓடு பறந்திருக்கும். உருட்டினவருக்குக் கை மிஞ்சியிருக்காது. இவரு கையில ஒரு கீறல் இல்ல. சுதாராணி விரல்லதான் புண்ணு இருக்கு. அப்ப அதப் பிடிச்சிருந்தது அந்தப் பிள்ளை. கருத்தப்பாண்டி, பன்னி வெடியான்னு கேட்டது நீங்க. அவரு தலைய மட்டுந்தான் ஆட்டினாரு."

எஸ்.ஐ. மீசையைத் தடவிக்கொண்டார்.

"பட்டாசு மருந்து வாசம் இல்லன்னு இந்த அம்மா சொன்னாங்க. வெடிக்கு முன்னால வந்தது சாம்பிராணி வாசம். ஈயம் பத்தவைக்கும்போது பேஸ்ட்டு தடவுவாங்க, அதுல இருக்கிறது குங்கிலியம். சூடு பட்டா சாம்பிராணி மாதிரித்தான் மணக்கும். மின்விசிறி வயரக் கழத்தி சால்டரிங் அயர்னச் செருகியிருக்கு அந்தப் பிள்ளை. வெடிச்ச பொறவு, கண்ணு எரிய எரிய, அதப் பிடுங்கித் துண்டுல சுத்திப் பெட்டிக்குள்ள போட்டிருக்கு. துண்டு தீய்ஞ்சிருக்கு. புருஷன் கண்ணுல படக் கூடாதுங்கிறதுதான் அதுக்கு மொத நெனப்பு."

சட்டைப் பையிலிருந்து உப்பிய தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "எதுல பத்தவச்சுது? இதுல. இசக்கி, இது சிலுவை இல்லவே. கூட்டல் குறி."

இசக்கி பார்த்தான். கேமராவில் அவனே எத்தனையோ தடவை மாற்றிய பொருள். காசு மாதிரி வட்டப் பேட்டரியின் மேல்தகடு. வெட்கத்தில் காதுமடல் சுட்டது.

"இந்தச் சொட்டு ஈயம். பளபளன்னு இருக்கிற தகட்டுல ஈயம் ஒட்டாது. அதனால தீப்பெட்டியோட மருந்துப் பக்கத்துல வட்டமாத் தேய்ச்சு மொரமொரப்பாக்கி இருக்கு. அப்படியும் ஒட்டலன்னா என்ன செய்வோம்? இன்னுங் கொஞ்ச நேரம் அயர்ன அழுத்திப் பிடிப்போம். அங்கதான் எமன் இருக்கான். இது நாலாபக்கமும் அடைச்ச டப்பி. உள்ள ரெண்டு பொருள் ஒண்ணையொண்ணு தொடாம இருக்க, நடுவுல காகிதம் மாதிரி ஒரு தடுப்பு. சூடு ஏறினா தடுப்பு உருகிரும். ரெண்டும் சேர்ந்து இன்னும் கொதிக்கும், ஆவி கட்டும். போக வழி இல்லாம மூடியப் பிச்சுக்கிட்டுப் போகும். அந்த வார்னிஷ் நாத்தம் இதோட ஆவிதான். கம்பெனியில இதுல தகடு ஒட்டும்போது மிஷின்ல கண்ணிமைக்கிற நேரந்தான் சூடு காட்டுவாங்க. நாம அயர்ன வச்சு அமுக்கினா, சின்னதுதானேன்னு அது சும்மா இருக்காது. நல்லவேளை, அது நேரா உத்திரத்துக்குப் போயிட்டு. கொஞ்சம் சாஞ்சிருந்தா கண்ணு போயிருக்கும்."

முத்துச்செல்வி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த ஆம்பள?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"படியில சேறு படாம வருவான். உள்ள இருந்துக்கிட்டு கதவத் தொறம்பான். எப்பவும் ஒரே பேச்சு. முன்னால வெரசாப் பேசினவன் இப்ப இழுத்து இழுத்துப் பேசுதான். குடிச்சதனால இல்ல, பேட்டரி தீரப் போவுது, அதனால." கிருஷ்ணராஜ் கிளியை எடுத்தார். "பழைய பேட்டரியக் கழத்தினா பதிஞ்ச கொரலு அழிஞ்சிரும்னு எவனோ ஒரு கடைக்காரன் அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னானாம். அதான், பழசக் கழத்தாம, புதுசுல வயரப் பத்தவச்சுச் சேத்திரலாம்னு பாத்திருக்கு. நீரு மைக் வயரு பத்தவைக்கிறதப் பக்கத்துல இருந்து பாத்துத்தான் படிச்சிருக்கு, விஜயராஜ். இந்தக் கொரலு உம்ம கொரலு."

விஜயராஜ் கிளியைப் பார்த்தபடி நின்றான்.

"அடப்பாவமே," என்றாள் பாலம்மாள் மெல்ல. "நா இவரு பேசிக் கேட்டதே இல்லையே சார். எனக்கெப்படித் தெரியும்?" தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கிருஷ்ணராஜ் விஜயராஜின் பக்கம் நெருங்கி வந்தார். "மத்தியானம் சாப்பிட நீரு உள்ள வந்தப்போ புகையும் தீப்பெட்டியுந்தான் பாத்தீரு. கொஞ்ச நாளா அது தனியா அழுததையும் பாத்திருப்பீரு. பேச்சில்லாதவனோட வாழப் பிடிக்காம உசிர மாய்ச்சுக்கப் பாத்துட்டுன்னு நெனச்சிட்டீரு. தற்கொலை முயற்சின்னா கேஸு அது மேல வரும். அதான் நீரு ஏத்துக்கிட்டீரு. சரிதான?"

விஜயராஜ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகைக்கும் சத்தம் வேண்டுமே. கழுத்துத் துணி மட்டும் வேகவேகமாய் எழுந்து தணிந்தது. முத்துச்செல்வி அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

எஸ்.ஐ. தொண்டையைக் கனைத்தார். "விபத்துன்னு எழுதிருதேன் சார்," என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்யும் சாக்கில் அந்தப் பக்கம் திரும்பினார்.

கிளியை இசக்கி ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனான். விஜயராஜும் கூடவே வந்தான். மேசை விளக்கின் கீழே கிளியின் வயிற்றைத் திறந்து பார்த்தான் இசக்கி. ஒரு கல்யாணப் பெண்ணின் ஒரே போட்டோ நெகட்டிவைக் கையில் பிடித்த மாதிரி இருந்தது.

"பழசக் கழத்தினா நெசமாவே அழிஞ்சிருமா சார்?"

"சிலதுல அழியும், சிலதுல நிக்கும். இது எந்தச் சாதின்னு எனக்குத் தெரியாது," என்றார் கிருஷ்ணராஜ்.

இசக்கி எழுந்து, பழுதான ஒரு கேமராவிலிருந்து காசுப் பேட்டரி செருகுகிற சின்னக் கூட்டை எடுத்து வந்தான். "பேட்டரியில எதுக்கு சார் பத்தவைக்கணும்? காலியான கூட்டுல வயரப் பத்தவைப்போம். வயரோட மறுமுனைய, பழசுக்கு எட்டத்துல, கிளிக்குள்ள இருக்கிற சர்க்யூட் அட்டையில பத்தவைப்போம். எல்லாம் ஆறின பொறவு புதுசக் கூட்டுக்குள்ள தள்ளிருவோம். அதுக்குப் பொறவுதான் பழச அட்டையோட சேத்திருக்கிற தகட்ட வெட்டணும். கொரலுக்கு ஒரு நொடிகூட இருட்டில்ல. பேட்டரிக்கும் சூடில்ல."

கிருஷ்ணராஜ் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது எனக்குத் தோணலியே," என்றார்.

சால்டரிங் அயர்னைப் பிடித்தது விஜயராஜ். வருஷக்கணக்கில் மைக் வயர்களை ஒட்டவைத்த கை. ஒரு தொடுதல், ஒரு சொட்டு, எடுத்துவிட்டான். எல்லாம் ஆறும்வரை மூவரும் காத்திருந்தார்கள். புதுப் பேட்டரியைக் கூட்டுக்குள் தள்ளிவிட்டு, பழசின் தகட்டை வெட்டினான் இசக்கி. "அமுக்கிப் பாக்கலாமா?" என்றான்.

விஜயராஜ் வேண்டாம் என்று தலையசைத்தான். கிளியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

வார்டில் பார்வையாளர் நேரம். விஜயராஜ் கட்டில்களுக்கு நடுவே நடந்து போனான். கிருஷ்ணராஜும் இசக்கியும் கதவருகே நின்றுவிட்டார்கள். கட்டிலுக்கு இரண்டடி முன்னால் அவனும் நின்றுவிட்டான். அப்போதுதான் இசக்கிக்குச் சங்கடம் புரிந்தது. அவளுக்குக் கண் இல்லை, அவனுக்குக் குரல் இல்லை. வந்திருப்பது யார் என்று அவன் எப்படிச் சொல்வான்?

காலடிச் சத்தம் கேட்டு சுதாராணி தலையைத் திருப்பினாள். "யாரு? மதினியா?"

விஜயராஜின் கை பையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அந்தக் குரலை அவன் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேட்கக் கூடாது என்றுதான் அத்தனை கேசட்டையும் எரித்தான். அவன் கிளியை வெளியே எடுத்தான். பெருவிரல் பொத்தானின் மேல் நின்றது. பிறகு அழுத்தினான்.

ஒரு கரகரப்பு. அதற்குப் பின்னால், ஊரே கேட்டு வளர்ந்த அந்தக் கணீர்க் குரல், இழுவை இல்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தது.

"ஏட்டி ராணி, நான்தான். வந்துட்டேன். கதவத் தொற."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுதாராணி அசையவில்லை. கட்டுக்குக் கீழே ஈரம் கசிந்து கன்னத்தில் இறங்கியது. இடது கையை நீட்டிக் காற்றில் துழாவினாள். புண்பட்ட விரல் படாமல் அவன் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.

"தொறந்துதான் கெடக்கு," என்றாள். "வாங்க."